நாரிக்குக் காவல்

நாற்பதைத் தாண்டிய ஆசிரியர் பலரைப் பீடிப்பது நாரிப்பிடிப்பு. பாடவேளைகளில் நின்றும், எஞ்சிய பொழுதிற் குனிந்து கொப்பிகளைத் திருத்தியும் நாட்கழிக்கும் நாம் அதனை நன்கு அறிவோம். "அப்பா, தூக்குங்கோ" என்று இளைய மகள் கைநீட்டும்போதும் தயங்கவேண்டிய நிலை வந்தபின்னரே, அதன் காரணத்தை ஆராயத் தொடங்கினோம்.

நாரி இறுகினால் குனிந்து காற்பெருவிரலைத் தொட்டு இழுத்துவிட வேண்டும் என்பர் பலர். ஆனால், இறுகிய தசையெல்லாம் குறுகிய தசையன்று. நாரியின் 5 முள்ளென்புகளையும் நிலைநிறுத்துவதிற் சுற்றியுள்ள தசைகளுக்கே பெரும்பங்குண்டு. தசை நீக்கப்பட்ட நாரி முள்ளந்தண்டு ஏறக்குறைய 9 கிலோகிராம் சுமையிலேயே வளைந்துவிடும் என 1992இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆகவே, உறுதி குறையுமிடத்துத் தசை காவலாக இறுகி நிற்பதும் உண்டு. காவலாளனை இழுத்தகற்றினால் வீடு பத்திரமாகுமோ?

கனடாவின் வாட்டர்லூப் பல்கலைக்கழகத்தில் முள்ளந்தண்டை நெடுங்காலம் ஆராய்ந்த பேராசிரியர் ஸ்டூவர்ட் மக்கில், உறுதிக்கென மூன்று பயிற்சிகளை வகுத்தார். அவற்றுள் எமக்கு மிகவும் உதவியது ஒன்று. பாயிலே கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, முதுகை மேசைபோல் வைத்துக்கொள்ளுங்கள். வலக்கையை முன்னும் இடக்காலைப் பின்னும் முதுகின் மட்டத்துக்கு நீட்டி, 10 செக்கன் நில்லுங்கள். நாரி தொய்யவோ இடுப்புச் சரியவோ கூடாது. மூச்சை அடக்கவும் வேண்டாம். பின்னர் மறுபக்கம் மாற்றுங்கள். பக்கத்துக்கு 6 முறை. சற்று ஆறி 4 முறை. மீண்டும் 2 முறை. எண்ணிக்கையை மெல்லக் கூட்டலாமேயன்றி, நிற்கும் நேரத்தை நீட்டவேண்டியதில்லை.

விழித்தெழுந்தவுடன் செய்யற்க. இரவிலே முள்ளென்புகளின் இடைத்தட்டுகள் நீர் உறிஞ்சிப் பருத்திருக்குமாதலின், முதல் ஒரு மணி நேரம் ஆழக் குனிவதையும் தவிர்த்தல் நன்று. முற்றம் கூட்டும் இல்லத்தரசியரும் இதனை மனங்கொள்க.

மூன்று மாதப் பயிற்சியால் எமது பிடிப்பு முற்றாக நீங்கியது என்று கூறோம். ஆயினும், பாடத்தின் நடுவே மேசையைத் தேடிய கை இப்போது வெண்கட்டியை விடுவதில்லை.

காலில் விறைப்போ வலுக்குறைவோ தோன்றினால், அல்லது சலம் மலம் கட்டுப்பாடிழந்தால், பயிற்சியை விட்டு உடனே வைத்தியரை நாடுக. ஏனையோர், குறிப்பாக மணிக்கணக்கிற் குனிந்து படிக்கும் மாணவர், நாரி வலிக்குமுன்னரே அதற்கு உறுதி தேடிக்கொள்வாராக.