தேரைக்கே விழுந்தது

நவம்பர் 6, கொலம்பஸ், ஒஹையோ

புளி மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. பசியில்லாமல் இல்லை. சுவர்க்கோழியைப் போட்டால் குனிந்து குறிபார்க்கிறது, நாக்கை வீசுகிறது. பூச்சி பாட்டுக்கு நடந்து போகிறது. ஏழெட்டு தடவை வீசிப் பார்த்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

பேரன் கடையில் வாங்கிய அமெரிக்கத் தேரை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீடியோவில் காட்டி, “ஆச்சி, என்ன பேர் வைக்க?” என்றான். பழைய புளியுருண்டை மாதிரி இருக்கே என்றேன். அதுவே பேராகிவிட்டது. அவன் வாயில் அது புலி. இங்கிலீஷ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான், யாருக்கும் நஷ்டமில்லை.

நவம்பர் 7

சமையல் தராசில் நிறுத்தோம். 41 கிராம். பேரனின் நோட்டில் ஆகஸ்டு மாதம் 58 என்று இருக்கிறது. இடுப்பெலும்பு துருத்தி, தொடை சூம்பிவிட்டது.

இந்தத் தொடையை நான் பார்த்திருக்கிறேன். தென்காசிப் பக்கம் 31 வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக அலைந்தவள். சூம்பின பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, “தேரை விழுந்துட்டு நர்சம்மா, மந்திரிச்சும் கேக்கல” என்பார்கள். தேரையுமில்லை, ஒண்ணுமில்லை, பருப்பும் முட்டையும் இல்லாததுதான் என்று சத்தம் போடுவேன். இப்போது தேரைக்கே விழுந்திருக்கிறது.

நவம்பர் 9

பாம்பு, ஆமை, கிளி எல்லாம் பார்க்கிற கால்நடை டாக்டரம்மா. பவுடர் இல்லாத கையுறையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டுதான் புளியைத் தொட்டார். தேரையின் தோல், மேலே பட்டதையெல்லாம் உறிஞ்சிவிடுமாம். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. மலத்தில் புழு இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் வாயைத் திறந்து, நாக்கில் விரலை வைத்து எடுத்தார். ஒட்டவில்லை. அங்கேதான் கோளாறு.

வைட்டமின் ஏ குறைந்தால் நாக்கில் பசை சுரக்கிற இடம் வறண்டு தடித்துப்போகும். நாக்கு பூச்சிமேல் படும், பூச்சி வராது. அழியும் நிலைக்கு வந்த வயோமிங் தேரைகளைப் பிடித்துவைத்து வளர்த்தபோது இந்த நோயைக் கண்டார்களாம். குட்டைநாக்கு நோய் என்று பேர். நாக்கு ஒன்றும் குட்டையாவதில்லை.

“பூச்சிமேல் தூவுகிற சத்துமாவு டப்பாவை எப்போது திறந்தீர்கள்?” என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள், நான் பேரனைப் பார்த்தேன். போன வருஷம். திறந்த டப்பாவில் சத்து சில மாதம்தான் நிற்குமாம்.

வைட்டமின் ஏ என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை ஆயிரம் வாயில் அந்த மஞ்சள் மருந்தை ஊற்றியிருப்பேன்! ஒன்பதாம் மாதம் 1 மில்லி, பிறகு ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருதரம் 2 மில்லி. மாலைக்கண் வராமலிருக்க. டாக்டரம்மா ஒருமாதிரி பார்த்தார். பேருக்கு என்ன அர்த்தம் என்று வேறு கேட்டார். மகள் கூசாமல், “டைகர்” என்றாள்.

பில்லை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதே என்றாள் மகள். பெருக்கிவிட்டேன். மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை.

நவம்பர் 10

ஒருநாள் விட்டு ஒருநாள், வாயில் ஒரு சொட்டு வைட்டமின் ஏ. கூடக்கூடாது. மிஞ்சினது ஈரலில் தங்கி விஷமாகும். இது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தண்ணீர் விஷயம்தான் புதுசு. தேரை வாயால் குடிக்காதாம், அடிவயிற்றுத் தோலால் குடிக்குமாம். நம்பவில்லை. குளோரினை முறிக்கிற மருந்து விட்ட தண்ணீரைத் தட்டில் ஊற்றி, அடிவயிறு நனைய இருபது நிமிஷம் உட்காரவைத்து நிறுத்தேன். 43! இனிமேல் குளிப்பாட்டும் முன்னால்தான் எடை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு பொய் சொல்லும்.

தானாகப் பிடித்துத் தின்கிறவரை கூழ் ஊட்ட வேண்டும். அது பெரும்பாடு. பல்லே இல்லாத வாய், பூட்டுப் போட்ட மாதிரி இறுக்குகிறது. பேரன் பிடித்துக்கொள்ள, அட்டையைச் செருகி, ஊசியில்லாத சிரிஞ்சில் அரை மில்லி. பாதி என் சேலையில். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற விஷச்சுரப்பிக்குப் பயந்து ஒவ்வொரு தடவையும் கையுறையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கைகழுவல்.

நவம்பர் 14

41. ஏறவில்லை. இறங்கவுமில்லை.

நவம்பர் 22

44. மலம் கழித்தது. வீடே கைதட்டியது.

டிசம்பர் 8

காலையில் தோலுரித்தது. பனியனைத் தலைவழியாகக் கழற்றுகிற மாதிரி இழுத்து, வாயில் திணித்துத் தின்றும்விட்டது. பேரன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். ஃபோனில் படமெடுக்கத் தோன்றவில்லை. அதற்கு இன்றைக்குப் பூராவும் திட்டு.

டிசம்பர் 16

சாயங்காலம் புதுமாவு தூவிய சுவர்க்கோழி ஒன்று. முதல் வீச்சு தப்பு. இரண்டு, மூன்று... ஆறும் தப்பு. எடுத்துவிடலாம் என்று நான் கைநீட்டும்போது ‘டப்’பென்று ஒரு சத்தம். பூச்சியைக் காணோம். புளியின் கண்கள் இரண்டும் உள்ளே அமுங்கி வெளியே வந்தன. கண்ணால் அழுத்தித்தான் இரையைத் தொண்டைக்குள் தள்ளுமாம்.

பேரன் நோட்டில் தேதி போட்டு ‘1’ என்று எழுதினான். பக்கத்திலேயே தப்பு 6 என்று எழுதச் சொன்னேன்.

“அது எதுக்கு ஆச்சி?”

“பதிவேடுன்னா விட்டுப்போனதையும் எழுதணும்ல.”