எழுபத்தைந்து சதம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, என் பழைய மாணாக்கன் ஒருவன் தன் தந்தையாரையும் அழைத்துக்கொண்டு எம் இல்லத்துக்கு வந்தான். உயர்தரப் பரீட்சையிற் கணிதப் பிரிவிலே நன்கு தேறியவன்; பல்கலைக்கழகத்திற் கட்டணமின்றிக் கணனி விஞ்ஞானம் பயில இடங் கிடைக்கும் நிலையில் உள்ளவன். ஆயினும் அவன் உள்ளம் அங்கில்லை. தனியார் நிறுவனமொன்றிலே 'கணனிப் பாதுகாப்பு' என்னும் சிறப்புத்துறையிற் பட்டம் பெற வேண்டும் என்பதே அவன் அவா.

"வெங்காயத் தோட்டத்தை ஈடு வைக்கலாம், மாஸ்ரர். இவனுக்கு அது நல்லதோ எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்" என்றார் தந்தையார்.

எனக்குச் சட்டென விடை வரவில்லை. தோட்டம் ஈட்டுக்குப் போகுங் காரியத்தில் எளிதாக வாய்திறக்கலாமோ?

"ஏன் தம்பி அந்தத் துறை?" என்றேன்.

"கள்ளரைப் பிடிக்கலாம், சேர். உடனே வேலையும் கிடைக்குமாம்."

கள்ளனைப் பிடித்த கதையொன்றை அவனுக்குச் சொன்னேன். 1986ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்திற் கணனி உபயோகக் கணக்கு 75 சதத்தால் இடித்தது. அதனைச் சரிபார்க்கும் பணி கிளிபேட் ஸ்ரோல் என்பவரிடம் வந்தது. அவர் கற்றதோ வானியல். ஆராய்ச்சிப் பணம் தீர்ந்தமையாற் கணனிக் கூடத்துக்கு வந்து சேர்ந்தவர். நானாயின் அச் சில்லறையை என் பையிலிருந்து போட்டுக் கணக்கை முடித்திருப்பேன். அவர் விடவில்லை. உட்புகுந்தவன் தட்டிய எழுத்துக்களை அச்சில் விழவைத்து, மாதக்கணக்காகப் பின்தொடர்ந்து, மேற்கு ஜேர்மனியில் இருந்த ஆளைக் கண்டுபிடிக்க வழிசெய்தார்.

பின்னர் 1988 நவம்பர் 2ஆந் திகதி பரவிய 'மொறிஸ் புழு'வைப் பற்றியுஞ் சொன்னேன். அது புகுந்த வழிகளில் ஒன்று மிக எளியது. செய்நிரலொன்று 512 எழுத்துக்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. வருவதை அளந்து பார்க்கவில்லை. புழு அனுப்பியவை 536. மிகுந்தவை, நிறைந்த கொத்திலிருந்து வழியும் நெல்லைப்போல் அயலிடத்திற் சிந்தி, அடுத்து எக் கட்டளைக்குச் செல்வது என்னுங் குறிப்பையே மாற்றிவிட்டன.

"இதை விளங்க எதைப் படிக்க வேண்டும்?"

அவன் சற்றே யோசித்தான். "நினைவகம்... பணிசெயல் முறைமை..."

"அவை கணனி விஞ்ஞானந்தானே, தம்பி? அதைப் படி. சிறப்புத்துறையைப் பின்னர் தேர்ந்துகொள்ளலாம். தோட்டம் தோட்டமாகவே இருக்கட்டும்."

தந்தையார் முகம் தெளிந்தது. மகன் முகம் தெளியவில்லை. "துறையின்ரை பேர் பட்டத்திலை இல்லாட்டி நேர்முகத்துக்கே கூப்பிடமாட்டினமாம், சேர்" என்றான். அதிலும் உண்மை இல்லாமலில்லை; பொதுப்பட்டத்துடன் வேலை தேடி அலைந்த என் இளமைக் காலத்தை நான் மறக்கவில்லை. அதனால் அவனைக் கடிய மனம் வரவில்லை.

படலையடியில் நின்று திரும்பிப் பார்த்தான். "அந்த 536 எழுத்திலையும் என்ன இருந்தது, சேர்?" என்று கேட்டான்.

எனக்குந் தெரியாது. இருவரும் தேடிப் பார்ப்பதெனப் பேசிக்கொண்டோம். வரும் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான்.