பெயர் மட்டும் கரையேறிய கலிங்கம்

மலாய் மொழியில் இந்திய வம்சாவளியினரைச் சுட்ட நெடுங்காலம் வழங்கிவந்த ‘கெலிங்’ என்னும் சொல், வங்கக் கடலின் மேற்குக் கரையில் அமைந்திருந்த கலிங்க நாட்டின் பெயரிலிருந்து பிறந்தது என்பது அறிஞர் பலரும் ஏற்ற முடிபாகும். மலாக்காவில் 1748-இல் எழுந்த கம்போங் கெலிங் பள்ளிவாசலும் பினாங்கில் 1801-இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், அச்சொல் வசையாகத் திரியாமல் வெறும் நாட்டுப்பெயராக இருந்த காலத்தின் சான்றுகள். பின்னாளில் அது இழிசொல்லாகி, அகராதியில் அதற்கு இடமுண்டா என்ற பூசல் நீதிமன்றம் வரை சென்றது. எனினும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அச்சொல்லைக் கேட்டுச் சினப்பவர்களுள், அது எந்தக் கரையைக் குறிக்கிறது என்று அறிந்தோர் மிகச் சிலரே.

பழங்கலிங்கத்தின் தென்பாகமே இன்று ஆந்திரப் பிரதேசத்தின் வடகோடியில், கலிங்காந்திரா என்றும் உத்தராந்திரா என்றும் அழைக்கப்படுகிறது. ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம், ஹம்பியோடு தொடர்பில்லாத மற்றொரு விஜயநகரம் ஆகிய மூன்று பழைய மாவட்டங்கள் 2022-இல் ஆறாகப் பிரிக்கப்பட்டன. கிருஷ்ணா, கோதாவரி கழிமுகங்களைப் போன்ற அகன்ற நெல்வயல்கள் இங்கே இல்லை. கிழக்குத் தொடர்ச்சி மலை கடலை நெருங்கி வருவதால் சமவெளி குறுகிக் கிடக்கிறது; வம்சதாரா, நாகாவளி, சம்பாவதி, கோஸ்தனி, சாரதா ஆகிய ஆறுகள் மலையில் பிறந்து சிறிது தூரமே ஓடிக் கடலில் விழுகின்றன. மழையை நம்பிய வேளாண்மையும் அடிக்கடி வரும் புயலும் இம்மக்களைக் கடல்கடந்த பிழைப்புக்குப் பழக்கின.

கிழக்குக் கங்கரும் கோல்கொண்டா சுல்தான்களும் ஆண்ட இந்நாடு, 1766-இல் நிஜாமால் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கப்பட்டு, பின்னர் சென்னை மாகாணத்தின் வடமுனையாக இருந்தது. தமிழ் வாசகர் இதனை அறிவது பெரும்பாலும் ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி வழியாகவே. சோழ மன்னன் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் வென்ற கலிங்க வேந்தனாகிய அனந்தவர்மன் சோடகங்கன், ‘சோட’ என்ற முன்னொட்டு காட்டுவது போல, சோழ இளவரசியின் வயிற்றில் பிறந்தவன். வென்ற குலோத்துங்கனோ தந்தைவழியில் வேங்கிச் சாளுக்கியன். ஆகவே பரணி பாடிய போர், தமிழருக்கும் அயலாருக்கும் நடந்தது என்பதைவிட, உறவினருக்குள் மூண்டது என்பதே பொருந்தும். சோடகங்கனின் முதல் தலைநகராகிய கலிங்கநகரம், வம்சதாரா கரையில் கங்கர்காலக் கோயில்களோடு நிற்கும் இன்றைய முகலிங்கமே என்று கருதப்படுகிறது. விசாகப்பட்டினத்தை அடுத்த சிம்மாசலத்தில் குலோத்துங்கன் காலத்து 1098-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ளது. அங்குள்ள வராக நரசிம்மர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் மறைந்திருந்து, அட்சய திருதியை அன்று ஒருநாள் மட்டும் தம் உண்மை உருவைக் காட்டுகிறார்.

இக்கரையின் துறைகளுள் பீமுனிப்பட்டினம், மக்கள் வழக்கில் பீமிலி, தனித்து நோக்கத்தக்கது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சு வணிகர் குடியேறிய இவ்வூர், 1861-இலேயே நகராட்சியான பழம்பெருமை கொண்டது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, அலைகளைக் கடந்து தோணிகள் சரக்கையும் ஆட்களையும் ஏற்றி இறக்கின. இத்துறையின் பெயரால் உலகச் சந்தையில் அறியப்பட்ட சரக்கு ‘பிம்லி சணல்’. அது தெலுங்கில் கோகு எனப்படும் செடியின் நார். அதன் இலைதான் ஆந்திரச் சமையலின் கோங்கூரா. தமிழர் புளிச்சகீரை என்பதும் இக்குடும்பத்ததே. இதே செடியைக் கெனாஃப் என்ற பெயரில், புகையிலைக்கு மாற்றுப்பயிராக மலேசிய அரசு வளர்த்து, 2010-இல் கெனாஃப், புகையிலை ஆகிய இரண்டுக்குமான வாரியமும் அமைத்தது. கிளந்தானில் விளையும் அப்பயிருக்கு பீமிலி என்றொரு தாய்த்துறை உண்டு என்பதை மலேசியாவில் எவரும் பேசுவதில்லை. 1933-இல் விசாகப்பட்டினத்தில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டபின் பீமிலியின் கப்பல்கள் குறைந்து, சரக்குத் துறையாக அதன் காலம் முடிந்தது. டச்சுக் கல்லறைகளும் பழைய கட்டடங்கள் சிலவுமே மிஞ்சின.

இந்நாட்டின் கைவினைகளுள் ஒரே பலாமரத் துண்டில் குடையப்படும் பொப்பிலி வீணையும், அரக்குச் சாயமிட்ட ஏட்டிக்கொப்பாகா பொம்மையும் புகழ்பெற்றவை. ஆயினும் இவ்வனைத்துக்கும் மேலாக வைத்துப் போற்றத்தக்கது, ஸ்ரீகாகுளத்தை அடுத்த பொந்தூரு என்னும் சிற்றூரின் கதர். அதன் தனித்தன்மை நெசவில் தொடங்குவதன்று. பஞ்சைத் தூய்மை செய்வதிலேயே தொடங்குகிறது. சுற்றுவட்டாரத்தில் விளையும் குறுநார் நாட்டுப் பருத்தியை, விதையோடு கையில் எடுத்து, வாலுக என்னும் மீனின் தாடை எலும்பால் சீவுகின்றனர். தமிழர் வாளை என்று வழங்கும் இனத்தைச் சேர்ந்த அம்மீனின் தாடையில் நெருக்கமாக அமைந்த நுண்பற்கள், தூசியையும் குப்பையையும் நீக்கி நாரை ஒருமுகமாக நீவிவிடுகின்றன. இரும்புச் சீப்பு இழையை அறுத்துவிடும் இடத்தில் மீன்பல் இழையைத் தடவிக்கொடுக்கிறது. அதன்பின் மரப்பலகையின்மேல் மெல்லிய இரும்புக்கோலை உருட்டி விதையைப் பிதுக்கி எடுத்து, பஞ்சைக் கொட்டிப் பூப்போலாக்கி, திரியாகத் திரட்டி, அழுக்குப் படாமல் உலர்ந்த வாழைப்பட்டைக்குள் பொதிந்து வைத்து, ஒற்றைக் கதிர் இராட்டையில் நூற்கின்றனர்.

நூலின் எண் கூடக்கூட அதன் நுண்மை கூடும் என்பது நெசவாளர் கணக்கு. பொந்தூருவின் இராட்டைகள் 100-ஆம் எண்ணையும் தாண்டிய நூலைக் கையாலேயே இழுத்தன. இப்பணியைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவோர் பட்டுசாலி குலத்துப் பெண்கள். இவ்வூர்த் துணியின் மென்மையைக் கேள்வியுற்ற காந்தியடிகள், தம் மகன் தேவதாஸை அனுப்பி இம்முறையை அறிந்துவரச் செய்தார் என்பர். 1949-இல் நூற்போரையும் நெய்வோரையும் இணைத்துச் சங்கம் அமைந்தது. வெள்ளை வேட்டியின் தூய்மையை அரசியல்வாதிகள் மேடையில் அணிந்து காட்டினர். அத்தூய்மையைப் பஞ்சிலிருந்து பிரித்தெடுத்த விரல்களுக்கோ, ஒரு நாள் உழைப்புக்கு ஒரு வேளைக் கறிச்செலவுக்கான கூலிகூடத் தேறவில்லை.

பிழைப்புத் தேடிக் கலிங்காந்திரக் கரையிலிருந்து பெருந்தொகையினர் பர்மாவுக்குச் சென்றனர். ஒரு பகுதியினர் மலாயாத் தோட்டங்களுக்கு வந்தனர். 1901-இல் திறக்கப்பட்டு 1972-இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம், அவ்வாறு வந்தோர் இறங்கிய துறைகளுள் ஒன்றாகும். தெலுங்கர் மிகுதியாகக் குடியேறியது பேராக் மாநிலத்தின் பாகான் டத்தோ வட்டாரத் தென்னந்தோட்டங்களில். பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபின் அவர்தம் பிள்ளைகள் வேலை தேடிக் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு நகர்ந்தனர். 1955-இல் மலாயா ஆந்திர சங்கம் தோன்றியது. 1981-இல் இரண்டாம் உலகத் தெலுங்கு மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

இத்தனை வரலாறும் உடைய கரை இன்று தன் மக்களைத் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியாத நிலையில்தான் இருக்கிறது. ஆந்திர மாவட்டங்களுள் மிக நீண்ட கடற்கரை ஸ்ரீகாகுளத்துக்கு இருந்தும், போதிய மீன்பிடி துறைமுகம் காலத்தில் கட்டப்படாததால், அதன் மீனவர் குஜராத்தின் வெராவலுக்குக் கூலிகளாகச் சென்று, 2018-இல் நடந்தது போல எல்லை தாண்டியதாகப் பாகிஸ்தானிடம் சிறைப்படுகின்றனர். அதே மாவட்டத்தில் தென்னையும் முந்திரியும் செழித்த உத்தானம் வட்டாரத்தில் காரணம் முழுமையாகத் துலங்காத சிறுநீரக நோய் ஊர் ஊராக உயிர் குடிக்க, 2018-இன் தித்லி புயல் அங்கிருந்த தென்னைகளையும் சாய்த்துப்போட்டது. விசாகப்பட்டினத்துக்கு மாளிகைகளும் மாநாடுகளும் குவிகின்றன. ஒருமணி நேரத் தொலைவிலுள்ள பீமிலிக் கல்லறைகளுக்கோ பொந்தூருவின் முதிய நூற்பாளர்களுக்கோ அக்கறை எட்டுவதில்லை. இராட்டையருகே அமர இளையோர் இல்லை. கூலியை உயர்த்தாமல் மரபைக் காப்போம் என்று முழங்கும் உரைகளுக்கு மட்டும் குறைவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் நிலையும் மெச்சத்தக்கதன்று. தென்கிழக்காசியாவின் திருப்பதி என்று போற்றப்படும் கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலில் கும்பிடுவோர் திருப்பதி வரை சென்று திரும்பிவிடுகின்றனர். சிம்மாசலம் எத்திசையில் என்று கேட்போர் இல்லை. தெலுங்குக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு உகாதிப் பச்சடியின் சுவை தெரிகிறது, பாட்டனின் ஊர்ப்பெயர் தெரியவில்லை. விசாகப்பட்டினத்துக்கு நேரடி விமானம் பறந்த காலத்திலும் அதனை உறவைத் தேடும் வழியாகக் கருதியோர் சிலரே. மேடைகளில் கெலிங் என்ற சொல்லுக்கு எதிராகத் தீர்மானம் இயற்றும் இயக்கங்கள், அச்சொல் புறப்பட்ட கரையைப் பற்றி ஒரு சிறுநூலேனும் வெளியிட்டு மாணவர் கையில் கொடுத்திருந்தால், வகுப்பறையில் அந்த வசையை எதிர்கொள்ளும் பிள்ளைக்குக் கோபத்தைத் தவிரச் சொல்வதற்கும் ஏதேனும் இருந்திருக்கும்.