நியூட்ரல் யார் வசம்?

மில் வளாகம் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் ஜெனரேட்டர் ஷெட் இருக்கும், மறுகோடியில் ஸ்பின்னிங் ஷெட் இருக்கும். நடுவே 415 வோல்ட்டில் கேபிள் இழுத்தால் செலவும் தாங்காது, வோல்டேஜும் நிற்காது. 11 கே.வி.க்கு ஏற்றி, ஏற்கெனவே உள்ள ஹெச்.டி. கேபிளிலேயே கொடுத்துவிடலாம் என்று தோன்றுவது நியாயம்தான். அடுத்து வரும் யோசனையில்தான் வம்பு: “11,000/433 டிரான்ஸ்பார்மர் ஒன்று சும்மா கிடக்கிறதே, அதைத் திருப்பிப் போட்டால் என்ன?”

போட்டால் ஓடும். 433 வோல்ட் சுற்றுக்கு 415 கொடுப்பதால் மறுபக்கம் பத்தரை கே.வி.தான் வரும், டேப் மாற்றிச் சமாளிக்கலாம். நேம் பிளேட்டில் ‘டி.ஒய்.என்.11’ என்று இருப்பதைத்தான் சமாளிக்க முடியாது. 11 கே.வி. பக்கம் டெல்டா, டெல்டாவில் நியூட்ரல் கிடையாது. இ.பி. இருக்கும்வரை அது தெரியாது. துணைமின் நிலையத்து டிரான்ஸ்பார்மரின் ஸ்டார் எர்த் ஆகியிருப்பதால், நம் கேபிளில் ஃபால்ட் வந்தால் கரண்ட் அங்கே திரும்பும், ரிலே அடிக்கும். இ.பி. பிரேக்கர் திறந்ததும் அந்த நியூட்ரலும் நம்மை விட்டுப் போய்விடுகிறது. அதன்பின் 11 கே.வி. முழுவதும் எர்த்தோடு தொடர்பில்லாமல் மிதக்கிறது.

மிதக்கும்போது ஒரு ஃபேஸ் எர்த் ஆனால் எதுவும் ட்ரிப் ஆகாது. கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் வழியே ஓரிரு ஆம்பியர் ஓடும், அவ்வளவே. மற்ற இரண்டு ஃபேஸும் எர்த்துக்கு 6.35 கே.வி.யிலிருந்து 11 கே.வி.க்கு ஏறிவிடும். பொறி விட்டு விட்டு அடித்தால் அதற்கு மேலும் ஏறும். கேபிள் உறையில் ‘இ’ என்றிருக்கிறதா ‘யு.இ.’ என்றிருக்கிறதா என்று பாருங்கள்: முன்னது எர்த் செய்த அமைப்புக்கு, பின்னது எர்த் செய்யாததற்கு. நம் மில்களில் கிடப்பது பெரும்பாலும் ‘இ’ ரகம். கம்பத்தில் 9 கே.வி. அரெஸ்டர் இருந்தால் 11 கே.வி.யை வெகுநேரம் தாங்காது. ஓரிடத்தில் பழுது, இன்னோரிடத்தில் வெடிப்பு என்று ஆகி, எங்கே தேடுவதென்றே தெரியாமல் போகும்.

புதிதாக வாங்குவதானால் என் தேர்வு ஒன்றுதான்: ஜெனரேட்டர் பக்கம் டெல்டா, 11 கே.வி. பக்கம் நியூட்ரல் வெளியே எடுத்த ஸ்டார். 11 கே.வி.யில் வரும் எர்த் ஃபால்ட், பூஜ்ய வரிசைக் கரண்டாக ஜெனரேட்டர் சுருளுக்குள் நுழையாமல் டெல்டாவிலேயே சுற்றி முடிந்துவிடும். இது பெரிய பாதுகாப்பு. ஆல்டர்னேட்டரின் பூஜ்ய வரிசை ரியாக்டன்ஸ் மிகக் குறைவு. நியூட்ரலை நேரடியாக எர்த் செய்த ஆல்டர்னேட்டரின் முனையிலேயே ஒரு ஃபேஸ் எர்த் ஆனால், மூன்று ஃபேஸும் ஷார்ட் ஆனதைவிட அதிகக் கரண்ட் ஓடக்கூடும். ஓவர்ஹேங் கட்டுகளோ மூன்று ஃபேஸ் ஷார்ட்டைக் கணக்கில் வைத்துத்தான் கட்டப்பட்டிருக்கும்.

பழைய டிரான்ஸ்பார்மரைத்தான் போட வேண்டும் என்று முதலாளி பிடிவாதமாக இருந்தால், 11 கே.வி. பக்கம் ஒரு சிக்ஜாக் எர்த்திங் டிரான்ஸ்பார்மர் வையுங்கள். அதுவும் இல்லையென்றால் ஓப்பன் டெல்டா பி.டி.யும் வோல்டேஜ் ரிலேயும் கட்டாயம். பி.டி. ஃபால்ட்டைச் சொல்லும், எந்தக் கேபிளில் என்று சொல்லாது.

ஸ்டார் நியூட்ரலுக்கு நான் ரெசிஸ்டர் போடுவேன். 100 ஆம்பியர் போதும்: 6,350 வோல்ட்டை 100 ஆல் வகுத்தால் 63.5 ஓம். கேபிளின் கெப்பாசிட்டிவ் கரண்டைவிட ரெசிஸ்டர் வழியே ஓடும் கரண்ட் அதிகமாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. மில் அளவு கேபிளில் கெப்பாசிட்டிவ் கரண்ட் சில ஆம்பியர்தான், ஆகவே தாராளம்.

இந்த நியூட்ரலை எர்த்தோடு இணைக்கும் ஸ்விட்ச் எந்நேரமும் மூடியே இருக்கக் கூடாது. இ.பி.யோடு இணைந்து ஓடும்போது அதையும் விட்டுவைத்தால் 11 கே.வி.க்கு இரண்டு எர்த் ஆகிவிடும். வெளியே லைனில் வரும் ஃபால்ட்டுக்கு நம் டிரான்ஸ்பார்மரும் கரண்ட் கொடுக்கும், துணைமின் நிலைய ரிலேக்குத் தெரிய வேண்டிய பங்கு குறையும். இ.பி. பிரேக்கர் மூடினால் நியூட்ரல் ஸ்விட்ச் திறக்க வேண்டும், பிரேக்கர் திறந்தால் ஸ்விட்ச் மூட வேண்டும். இன்டர்லாக்கை ஆபரேட்டர் நினைவில் விடாமல் வயரிலேயே போடுங்கள்.

டெல்டா-ஸ்டாரின் இரு பக்கத்துக்கும் இடையே வரும் முப்பது டிகிரி கோண வித்தியாசம் பற்றி அநாவசியமாகப் பயப்படுகிறார்கள். சிங்க்ரோனைசிங் பி.டி. இரண்டும் 11 கே.வி. பிரேக்கரின் இரு பக்கமும் இருந்தால், ஜெனரேட்டர் தானே அந்தக் கோணத்துக்கு வந்து நிற்கும். ஒரு பி.டி. 415 பக்கம், மற்றது 11 கே.வி. பக்கம் என்றால் மட்டும் திருத்தம் வேண்டும். திருத்தாமல் மூடினால் கப்ளிங்கே முறியலாம்.

இன்ரஷ் இன்னொரு தொல்லை. டிரான்ஸ்பார்மர் ஜெனரேட்டர் அளவுக்கே இருந்தால், ஓடும் செட்டில் பிரேக்கரைப் போட்டதும் வோல்டேஜ் படுத்துவிடும். நான் எக்சைட்டேஷன் இல்லாமல் பிரேக்கரை மூடிவிட்டு, பிறகு வோல்டேஜை மெல்ல ஏற்றச் சொல்வேன். புது ஏ.வி.ஆர்.களில் இதற்கென்றே அமைப்பு உண்டு.

ஷட்டவுனில் எல்லோரும் மெகர் எடுப்பார்கள், எர்த் பிட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், ரெசிஸ்டர் பெட்டியை மட்டும் திறக்க மாட்டார்கள். உள்ளே கிரிட் துருப்பிடித்து ஓரிடம் அறுந்திருந்தால் விளக்கும் எரியாது, மணியும் அடிக்காது, 11 கே.வி. மறுபடி மிதக்கும். போல்ட்டைக் கழற்றி, 63.5 ஓம் அருகில் வருகிறதா என்று அளந்து, பழைய அளவோடு ஒப்பிட்டு ரிஜிஸ்டரில் எழுதிவிட்டே மூடுங்கள்.