எங்கள் பத்மினியும் இரண்டரை பி.எஸ்.ஐ.யும்



போன ஞாயிற்றுக்கிழமை வால்பாறை மலைப்பாதையில் எங்கள் பத்மினி நிற்கும் படத்தைப் போட்டிருந்தேன். "சார், அந்த வண்டி இன்னும் ஓடுதா?" என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். சென்னையில் இருக்கும் என் மச்சினர் மட்டும், "பானெட்டைத் திறந்து வெச்சுட்டு எதுக்கு மச்சான் போஸு?" என்று எழுதியிருந்தார். போஸ் இல்லை. அதற்குப் பின்னால் மூன்று மாதக் கதை இருக்கிறது. என் முட்டாள்தனமும் அதில் கொஞ்சம் உண்டு. பெரிய பதிவுதான், நேரம் இருக்கும்போது படியுங்கள்.

வண்டி 1996-இல் ஜி.பி.எஃப். முன்பணம் எடுத்து வாங்கியது. பிரீமியர் பத்மினி, 1,089 சி.சி., கார்புரேட்டர் வைத்த எஞ்சின், ஸ்டியரிங் பக்கத்தில் கியர். உங்களில் சிலரை மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு ஆறு பேர், ஏழு பேர் என்று அதில் திணித்துக்கொண்டு போயிருக்கிறேன். இந்த வண்டி உற்பத்தியாவது நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. உதிரிபாகம் தேடுவது பொண்ணு பார்ப்பதைவிடக் கஷ்டம்.

சென்ற ஏப்ரலில் தொல்லை ஆரம்பித்தது. மதிய வெயிலில் பத்து கிலோமீட்டர் போனால் நின்றுவிடும். எஞ்சினின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்புதான் காரணம். கேம் ஷாஃப்ட் சுழலும்போது ஒரு சின்ன நெம்புகோலை ஆட்டும், அது ஒரு ரப்பர் சவ்வை மேலும் கீழும் இழுக்கும், டேங்கிலிருந்து பெட்ரோல் வந்து சேரும். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 1996-ஆம் வருட ரப்பர் அதை எதிர்பார்த்துச் செய்ததல்ல. இரண்டு முறை சவ்வு மாற்றினேன், இரண்டும் நிலைக்கவில்லை. கடைசியில் கோவையில் ஒரு கடையில், "சார், எலக்ட்ரிக் பம்பு போட்டுருங்க, பிரச்சினையே இருக்காது" என்றார்கள். போட்டுவிட்டேன். உள்ளங்கை நீளத்தில் ஒரு உருளை, டிக் டிக் என்று சத்தம் போடும். அட்டைப்பெட்டியில் 4–7 பி.எஸ்.ஐ. என்று அச்சடித்திருந்தது. அதைப் படிக்காமலே பரணில் போட்டேன். கேள்வித்தாளை முழுதும் படித்துவிட்டு எழுதத் தொடங்கு என்று முப்பத்திரண்டு வருடம் சொன்னவன் நான்.

ஒரு வாரம் வண்டி அருமையாக ஓடியது. பிறகு பழனிக்குப் போனோம். என் மனைவியும் பேத்தியும் பின்சீட்டில். உடுமலை தாண்டியதுமே அவள், "ஏனுங்க, பெட்ரோல் நாத்தம் அடிக்குதுங்க" என்றாள். பழைய வண்டியென்றால் கொஞ்சம் வாசம் இருக்கத்தான் செய்யும் என்றேன். சிறிது தூரம் போய் மறுபடி சொன்னாள். ஜன்னலை இறக்கச் சொன்னேன். மடத்துக்குளத்தில் டீக்கு நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்பினால் எஞ்சின் திணறியது, பின்னால் கரும்புகை. அவள் ஒரு வார்த்தை பேசாமல் பேத்தியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

எஞ்சினை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்தேன். கார்புரேட்டர் வெளியெல்லாம் நனைந்து, சொட்டுச் சொட்டாக பெட்ரோல் விழுந்துகொண்டிருந்தது. தொட்டால் தோல் உரிகிற சூட்டில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. இரண்டுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

அவர்கள் இருவரும் பஸ் ஏறி வீட்டுக்குப் போனார்கள். போகும்போது அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வண்டியைக் கட்டி இழுத்துப்போனவன் 1998-இல் பத்தாம் வகுப்பு முடித்த என் மாணவன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவனுடன் படித்தவர்களுக்குத் தெரிந்துவிடும், தெரிந்தாலும் கமெண்டில் எழுதாதீர்கள். பொள்ளாச்சி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான்.

"சார், கார்புரேட்டருக்குள்ள இருக்கறது நம்ம பாத்ரூம் ஃபிளஷ் டேங்க் மாதிரிங்க சார். பெட்ரோல் ஏறினா மிதவை ஏறும், மிதவை ஏறினா ஊசி போயி ஓட்டைய அடைக்கும். பழைய பம்பு மெதுவாத் தள்ளும். இது ஊசியவே தள்ளிட்டு உள்ள வருது. ஒரு ரெகுலேட்டர் போடணுங்க சார்."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஊசி அடைக்கும் ஓட்டையின் விட்டம் 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 3.14 சதுர மில்லிமீட்டர். 3 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஊசியின் மேல் விழும் விசை 6.6 கிராம் எடைக்குச் சமம், ஏறக்குறைய இப்போதைய பொன்னிற ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று. 6 பி.எஸ்.ஐ. என்றால் இரண்டு நாணயம். ஒரு நாணயத்தைத் தாங்குவதற்காகச் செய்த மிதவையின் மேல் நான் இரண்டாவதையும் வைத்திருக்கிறேன். அவ்வளவுதான் விஷயம். அழுத்தம் என்பது விசை வகுத்தல் பரப்பு. ஒன்பதாம் வகுப்புப் பாடம்.

இதோடு நின்றிருந்தால் இந்தப் பதிவு பாதியாகக் குறைந்திருக்கும். கணக்கு புரிந்துவிட்ட மிதப்பில், அவனைக் கேட்காமல் நானே ஆன்லைனில் 'அட்ஜஸ்டபிள் ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டர்' என்று தேடி ஒன்றை வரவழைத்தேன். நீல நிற அலுமினியம், தலையில் ஒரு திருகு, முன்னால் கடிகாரம் போல ஒரு கேஜ். பார்க்க அழகு. அதை அவன் மேஜையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான், அப்புறம் கேஜைக் காட்டி, "சார், இதோட மீச்சிற்றளவு என்னங்க சார்?" என்று கேட்டான்.

கேஜில் 0 முதல் 160 வரை இருந்தது. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 5 பி.எஸ்.ஐ. நமக்கு வேண்டியது இரண்டரை. மரக்கடைத் தராசில் மூக்குத்தியை எடை போடப் போயிருக்கிறேன்.

கேஜ் மட்டும் இல்லை, பொருளே வேறு. அது எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளுக்கானது. அந்த எஞ்சின்களில் இன்ஜெக்டருக்குப் பெரும்பாலும் 3 பார், அதாவது 43 பி.எஸ்.ஐ. வாக்கில் அழுத்தம் வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதற்குத் தக்க கடினம். திருகை முழுக்கத் தளர்த்தினாலும் இரண்டு, மூன்று பி.எஸ்.ஐ.க்கு ஒழுங்காக இறங்காது. தவிர, அது மிஞ்சிய பெட்ரோலைத் திருப்பி டேங்குக்கே அனுப்பி அழுத்தத்தைக் குறைக்கிற வகை. எங்கள் பத்மினியில் திரும்பிப்போகும் குழாயே கிடையாது. நமக்கு வேண்டியது கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டர் மாதிரி, வழியிலேயே நின்று தடுக்கிற வகை. பின்னால் வேண்டிய அழுத்தம் சேர்ந்ததும் கதவைச் சாத்திக்கொள்ளும், குறைந்ததும் திறக்கும். பெட்ரோலின் அளவை அது குறைப்பதில்லை, அழுத்தத்தைத்தான் குறைக்கிறது. குழாயை நசுக்கி வைத்தாலும் போதும் என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள், நம்பாதீர்கள். நசுக்கினால் ஓடும்போது பெட்ரோல் போதாது, ஐடிலில் நிற்கும்போது அழுத்தம் மெதுவாக ஏறிப் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

தடுக்கிற வகையிலும் பார்த்து வாங்க வேண்டும். அமெரிக்காவின் ஹோலி நிறுவனத்தின் இரண்டு ரெகுலேட்டர்களை அவன் போனில் காட்டினான். பார்க்க ஒரே அச்சு. ஒன்று 1 முதல் 4 பி.எஸ்.ஐ. வரை, மற்றது 4.5 முதல் 9 வரை. படத்தைப் பார்த்து வாங்குகிறவன் பாடு அதோகதிதான். நமக்கு வேண்டிய அழுத்தம் அந்த எல்லையின் ஓரத்தில் விழாமல் நடுவில் விழ வேண்டும் என்றான். எங்கள் குழாய் அளவுக்கு ஏற்ற வாய், எத்தனால் தாங்கும் சவ்வு, இரண்டையும் கேட்டு விசாரித்து அவனே வாங்கினான். நீலக் கலர் சாமான் இப்போது என் மேஜையில் பேப்பர் வெயிட்.

மாட்டுவதற்கு ஒரு சனிக்கிழமை முழுதும் ஆனது. நானும் கூட நின்றேன். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்தான். தீயணைப்பான் ஒன்றைக் கையெட்டும் தூரத்தில் வைத்தான், அது அவன் கடையின் வழக்கம். முன்னால் யாரோ எஞ்சின் அருகே மாட்டிய எலக்ட்ரிக் பம்பைப் பின்னால் டேங்கின் பக்கம், தாழ்வான இடத்தில் மாற்றினான். இந்த வகைப் பம்புக்குத் தள்ளத் தெரியும், இழுக்க அவ்வளவு வராது. பம்புக்கு அடுத்து ஃபில்டர், அதற்கு அடுத்து ரெகுலேட்டர். ரெகுலேட்டரை எஞ்சின் மேல் மாட்டாமல் ஃபயர்வாலில், எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி வைத்தான், அதிர்ச்சியும் சூடும் கூடாது என்று. அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்க்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தான். பழைய ரப்பர் ஹோஸ் அத்தனையையும் கழற்றி எறிந்துவிட்டு எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டான். கார்புரேட்டருக்கு முன்னால் ஒரு டீ இணைப்பில் 0–15 கேஜ்.

இதற்கிடையில் என் மனைவி மதியச் சாப்பாட்டுடன் வந்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "கண்ணு, வண்டி எங்காச்சும் மோதி நின்னுபோச்சுன்னா இந்தப் பம்பு நிக்குமா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. பழைய பம்பு எஞ்சின் நின்றால் தானும் நின்றுவிடும். இது சாவி திறந்திருக்கும் வரை தள்ளிக்கொண்டே இருக்கும். ஹோஸ் அறுந்திருந்தாலும் தள்ளும். அவன் சிரித்துக்கொண்டே, "அதுக்குத்தாங்கம்மா இது" என்று ஒரு ரிலேயையும் ஆயில் பிரஷர் ஸ்விட்சையும் எடுத்துக் காட்டினான். எஞ்சின் நின்றால் ஆயில் அழுத்தம் இறங்கும், உடனே பம்புக்குக் கரண்ட் போகாது. கோவைக் கடையில் இதைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அளவு வைப்பது பொறுமையான வேலை. ரெகுலேட்டரை அடிமட்டத்தில் வைத்து எஞ்சினைக் கிளப்பி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். இரண்டரையில் நிறுத்தி லாக் நட்டை இறுக்கினான். கார்புரேட்டர் காய்ந்து கிடந்தது. "சமவெளிக்கு இது சரிங்க சார். ஏத்தத்துல ஃபுல் லோடுல பெட்ரோல் பத்துதான்னு பாக்கணும்" என்றான். அதற்குத்தான் வால்பாறை. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், அதைவிடப் பெரிய பரீட்சை வேறென்ன?

ஞாயிறு அதிகாலை நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். இரண்டாவது கியரில் எஞ்சின் ஒரு இடத்திலும் திணறவில்லை. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயிண்டில் நிறுத்தி, எஞ்சினை ஐடிலில் விட்டு பானெட்டைத் திறந்தோம். நீங்கள் பார்த்த படம் அதுதான். கேஜ் ஒன்றரை காட்டியது. குறைந்துவிட்டதே, மேலே இன்னும் முப்பத்தோரு வளைவு இருக்கிறதே என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் திருகப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"வேண்டாங்க சார். கேஜு சூடாயிருக்கு, பொய் சொல்லுது."

கேஜின் மேல் இருந்த சின்ன ரப்பர் அடைப்பானைத் துணியால் பிடித்து லேசாகத் தூக்கினான். புஸ் என்று காற்று வெளியேறியது. முள் நகர்ந்து இரண்டரையில் வந்து நின்றது.

நின்ற இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கிளிசரின் ஊற்றி மூடிய கேஜ் அது. உள்ளே வளைந்த போர்டன் குழாய். அது குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை மட்டும் காட்டுவதில்லை, வெளியே கூட்டுக்குள் இருக்கும் அழுத்தத்தைவிட எவ்வளவு அதிகம் என்பதைத்தான் காட்டுகிறது. எஞ்சின் சூட்டில் மூடிய கூட்டுக்குள் காற்று விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறியிருக்கிறது, முள் இறங்கியிருக்கிறது. 160 வரை காட்டும் கேஜில் ஒரு பி.எஸ்.ஐ. தவறு கண்ணுக்கே படாது. இரண்டரையில் அது பெரும்பங்கு. நான் திருகியிருந்தால் உண்மையில் மூன்றரைக்குப் போயிருக்கும், அந்த மலையில், அந்தச் சூட்டில். இடமாறு தோற்றப் பிழை, சுழிப்பிழை என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்த எனக்கு இந்தப் பிழை அன்றுவரை தெரியாது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஒரு வண்டிய இதே மாதிரி ஏத்தி வெச்சுக் கெடுத்திருக்கேங்க சார்" என்றான்.

வால்பாறை வரை போய்த் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் கேஜையும் டீ இணைப்பையும் கழற்றிவிட்டு நேராக ஹோஸ் போட்டான். நிரந்தரமாக இருக்கட்டுமே, பார்க்க நன்றாக இருக்கிறது என்றேன். ஒரு இணைப்பு கூடினால் கசிய ஒரு இடம் கூடும் என்று சொல்லிவிட்டான். கூலி வாங்க மறுத்தான். அவன் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் சொல்லித் தருவதாக ஏற்பாடு. செவ்வாய், வியாழன் மாலை வருகிறாள். அப்பனைவிடக் கேள்வி அதிகம் கேட்கிறாள்.

நேற்று பேத்தி பழனிக்குப் போகலாம் என்றாள். என் மனைவி பதில் சொல்லாமல் வாசலுக்குப் போய், பானெட்டைத் திறக்கச் சொன்னாள். குனிந்து, கண்ணை மூடி, நன்றாக இழுத்து முகர்ந்து பார்த்தாள். எஞ்சினைக் கிளப்பச் சொல்லி இன்னொரு முறை முகர்ந்தாள். நான் சாவியைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்றிருந்தேன். பிறகு பேத்தியைப் பார்த்து, "போயி செருப்புப் போட்டுட்டு வா சாமி" என்றாள்.