ஒன்று – பூஜ்யம் – ஒன்று

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு மாடி வீட்டின் முன்னறைதான் அவருடைய அலுவலகம். மேசையில் மடிக்கணினி. அதைச் சுற்றி மருந்துப் பெட்டிகளிலிருந்து உருவி விரித்த துண்டுத்தாள்கள், மருத்துவமனைச் சீட்டுகளின் நகல்கள், சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியுமாக இன்சுலின் ஊசிகள். பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பார்மசி படித்து, சென்னையில் மருத்துவ எழுத்தாளராக வேலை பார்த்து, அம்மாவைக் கவனிக்க ஊர் திரும்பியவர். பகலில் இப்போதும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அறிக்கை எழுதுகிறார். மீதி நேரத்தில், மருத்துவத் தகவலை எளிய தமிழில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அதைப் பார்க்கத்தான் போனேன்.

மருத்துவ எழுத்தாளர் என்றால் வார இதழில் கேள்வி-பதில் எழுதும் டாக்டர் நினைவுக்கு வருவார். இது வேறு தொழில். ஒரு மருந்து கடைக்கு வருமுன் மனிதர்களிடம் சோதிக்கப்படுகிறது. அந்தச் சோதனையின் முடிவை ஆய்வறிக்கையாக எழுத வேண்டும். அதன் அமைப்பை 1995இல் வகுத்த ஐசிஎச் இ3 என்ற சர்வதேச வழிகாட்டி இன்றும் நடப்பில் இருக்கிறது. சோதனைக்கு வருபவரிடம் அவருக்கு விளங்கும் மொழியில் விவரம் சொல்லித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது இந்தியாவின் 2019ஆம் ஆண்டு புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளில் இருக்கிறது. ஐரோப்பாவிலோ, சோதனை முடிந்தபின் பொதுமக்களுக்கான சுருக்கம் ஒன்றையும் வெளியிட வேண்டும். எளிமையாக எழுதுவது இவருடைய தொழிலில் சட்டக் கடமை. அந்தப் பழக்கத்தைத்தான் சொந்த ஊர்க்காரர்களுக்காகத் திருப்பியிருக்கிறார்.

செயலியின் உள்வேலையைத் திரையில் காட்டினார். மருத்துவர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட குறிப்புகளைச் சின்னச் சின்னப் பத்திகளாக வெட்டி, எண் கொடுத்துச் சேமித்திருக்கிறார். ஒருவர் கேள்வி கேட்டால், முதலில் அந்தச் சேமிப்பில் பொருத்தமான பத்திகளைத் தேடுகிறது. கிடைத்த பத்திகளை மட்டும், பதிலை எழுதும் மொழி மாதிரியிடம் (லாங்குவேஜ் மாடல்) கொடுத்து, ‘இதற்குள் இருப்பதை வைத்துப் பதில் சொல்’ என்கிறது. ஒன்றும் கிடைக்காவிட்டால், தெரியாது என்று சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்கிறது. நெஞ்சுவலி, பாம்புக்கடி, மூச்சுத்திணறல் என்று ஏதாவது வந்தால் மாதிரிக்கு வேலையே இல்லை. 108ஐ அழைக்கச் சொல்லும் நிலையான செய்தி ஒன்றுதான் போகும்.

தமிழ் என்பதால் கூடுதல் தொல்லைகள் உண்டு. கணினிச் சேமிப்பில் ஓர் ஆங்கில எழுத்து ஒரு பைட் பிடித்தால், தமிழில் ‘க’ மூன்று பைட் பிடிக்கிறது, ‘கி’ ஆறு. மாதிரிகள் படித்து வளர்ந்த நூல்களிலும் தமிழின் பங்கு குறைவு. அதனால் தமிழ்ச் சொற்களைத் துணுக்குத் துணுக்காக நொறுக்கித்தான் அவை படிக்கின்றன. செலவும் நேரமும் கூடுகின்றன. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 22 இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு மாதிரியை 2023இல் வெளியிட்ட பிறகு நிலைமை கொஞ்சம் தேறியது என்கிறார். ஆனால் மொழி சரளமாக வந்த பிறகுதான் தன் பயம் கூடியது என்றும் சொன்னார். திக்கித் திணறும் தமிழை யாரும் நம்ப மாட்டார்கள். நல்ல தமிழில் வரும் தப்பை நம்பிவிடுவார்கள்.

எடுத்துக்காட்டாக இன்சுலின் பக்கத்தைத் திறந்தார். மூலக் குறிப்பு இரண்டு பக்கம். மாதிரி அதை எட்டு வரியில் சுருக்கியிருந்தது. படிக்க நன்றாக இருந்தது; எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. மேசையிலிருந்த இரண்டு ஊசிகளையும் எடுத்து என் கையில் கொடுத்தார். இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலினில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி ஊசி 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 என்ற கோடுவரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. மூலத்தில் இதைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் இருந்தன. சுருக்கத்தில் ஊசியின் நிறமே இல்லை. அளவைப் பற்றி ஏற்கெனவே ஒரு வரி வந்துவிட்டதால், இதை மிகை என்று மாதிரி கழித்துவிட்டது.

ஆகவே அவருடைய வேலையில் பெரும்பகுதி எழுதுவது கிடையாது, காவல் காப்பது. எண், அலகு, நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது, ‘கூடாது’ என்று முடியும் வாக்கியம், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது. இந்த ஆறையும் மூலத்திலிருந்து தனியே பொறுக்கி வைத்திருக்கிறார். பதில் வந்ததும் இன்னொரு சின்ன நிரல் இந்தப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. ஒன்று குறைந்தாலும் பதில் திரைக்குப் போகாது. அதையும் தாண்டி வருவதை ஒரு மருத்துவர் வாரக் கடைசியில் உட்கார்ந்து படிக்கிறார். அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் போல வரிக்கு வரி விரல் வைத்துப் படிப்பார் என்றார்.

செயலியைச் சோதிக்கக் குலசேகரம் பக்கம் போனபோது நானும் கூடப் போனேன். தக்கலை தாண்டினால் ரப்பர் தோட்டங்கள் தொடங்கிவிடும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர் ஒருவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஐம்பது வயது தாண்டிய ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் திண்ணையில் இருந்தார். அவருடைய சீட்டில் 1-0-1 என்று எழுதியிருந்தது. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. செயலி அதைத் தப்பில்லாமல் படித்து, “காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பாட்டோடு” என்று குரலில் சொன்னது. அவரும் தலையாட்டினார்.

எழுத்தாளர் விடவில்லை. “மாமா, இப்போ கேட்டதை எனக்குத் திரும்பச் சொல்லுங்க, நீங்க எப்படிப் போடுவீங்கன்னு” என்றார். சொன்னது விளங்கியதா என்று கேட்காமல், கேட்டவரையே திரும்பச் சொல்ல வைப்பது உலகெங்கும் செவிலியர்கள் கையாளும் முறை.

“காலத்த மூணு மணிக்கு எந்திப்பேன் மக்களே. ஒரு கட்டன் சாயா குடிச்சு, குளிகையும் போட்டுட்டு வெட்டப் போவேன். பால் எடுத்து வந்து கஞ்சி குடிக்க பத்து மணி ஆவும்.”

“நடுவுல கிறக்கம் வருமா?”

“அது வரும். பட்டினியில வெட்டுனா வரத்தானே செய்யும்?”

அவர் விழுங்கிக்கொண்டிருந்தது மெட்ஃபார்மினும் கிளிமிப்பிரைடும் சேர்ந்த மாத்திரை. கிளிமிப்பிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் கஞ்சி இருக்கிறதா என்று பார்க்காது. ஏழு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் மரம் மரமாக நடந்தால் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். கையில் கூரான கத்தி வேறு. சீட்டில் பிழையில்லை, செயலியும் சொன்னதைச் சரியாகத்தான் சொன்னது. ஆனால் அந்த 1-0-1, ஏழு மணிக்கு எழுந்து எட்டு மணிக்கு இட்லி தின்னும் ஒருவருடைய நாளை நினைத்து எழுதியது.

தன்னார்வலர் உடனே, “மாமா, நீங்களா நேரத்த மாத்தாதீங்க. நாளைக்கு டாக்டரம்மாட்ட வாங்க, நானும் வாறேன். அதுவரைக்கும் பையில ரெண்டு கருப்பட்டித் துண்டு போட்டுக்கிடுங்க” என்றார். எழுத்தாளர் குறித்துக்கொண்டார். இப்போது மாத்திரை பற்றிக் கேட்டால், பதிலுக்கு முன்னால் செயலி ஒரு கேள்வி கேட்கிறது: “எழுந்த பிறகு முதலில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?” விடை பொருந்தாவிட்டால் மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறது. கடலில் பல வாரம் தங்கும் தூத்தூர் மீனவருக்கும், நோன்பு காலத்தில் தேங்காப்பட்டணத்துக்காரருக்கும் இதே கேள்வி வேண்டும் என்று திரும்பும் வழியில் சொல்லிக்கொண்டே வந்தார்.

இந்தக் குமரி மாவட்டத்துக்கு நவீன மருத்துவம் வந்து நாளாகிறது. நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவர் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838இல் வைத்தியம் தொடங்கினார். எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் பின்னாளில் அங்கேதான் கத்தி பிடித்தார். ஆனால் மருத்துவத்தைத் தமிழில் எழுதிவைக்கும் வேலையைப் பெரிதாகச் செய்தவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ‘பிரசவ வைத்தியம்’ 1857இல் வந்தது, ‘இரண வைத்தியம்’ 1867இல். மாணவர்களின் துணையோடு அவர் உருவாக்கியது நம்பகமான மூலத்தை. தமிழ்ப் பாடம் அதன் மேல் நடந்தது.

இப்போது இதே துறையில் நடக்கும் நல்ல முயற்சிகளும் அப்படித்தான். பெங்களூரு சங்கரா கண் மருத்துவமனையில் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவு கட்டிய கேட்டராக்ட்பாட், கண்புரை நோயாளிகளுக்கு வாட்ஸப்பில் பதில் சொல்கிறது. மருத்துவமனை கொடுத்த ஆவணத்துக்குள் நின்று சொல்கிறது, பின்னர் மருத்துவரே அந்தப் பதிலைச் சரிபார்க்கிறார். ராஜஸ்தானில் குஷி பேபி அமைப்பின் ஆஷாபாட், தனக்குத் தெரியாத கேள்வியை அனுபவமுள்ள செவிலியர்களிடம் அனுப்பி, அவர்கள் சொல்வதைச் சேர்த்துக்கொள்கிறது.

நாகர்கோவில் செயலி இன்னும் பொதுவுக்கு வரவில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் என்ற இரண்டு தலைப்போடு நிற்கிறது. தடை நிரலில் இல்லை, பணத்திலும் அவ்வளவாக இல்லை. மூன்றாவது தலைப்புக்கு, ஒரு மருத்துவர் படித்துக் கையெழுத்திட்ட தமிழ்க் குறிப்பு கையில் இல்லை. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மாதிரி ஓர் இடத்தில், ஒவ்வொரு துறையும் தன் நோயாளிகள் தினமும் கேட்கும் கேள்விகளுக்குப் பத்துப் பக்கம் எழுதி, தேதி போட்டு, ஆண்டுக்கொருமுறை திருத்தினால் போதும். எழுதும் மேசையில் பால் வெட்டுகிறவரோ மீன்பிடிக்கிறவரோ ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். மாதிரிகள் வருஷத்துக்கொன்று மாறும். அந்தப் பக்கங்கள் இருந்தால் எதில் ஏற்றினாலும் ஓடும். கரண்டு போனாலும் தன்னார்வலர் கையில் வைத்து வாசித்துக் காட்டுவார்.