லேண்ட்மார்க்

“பக்கத்துல ஏதாவது லேண்ட்மார்க் சொல்லுங்க சார்.”

“நெல்லையப்பர் கோயில்.”

“ஸ்பெல்லிங் சொல்றீங்களா சார்?”

சொன்னேன். தட்டச்சுச் சத்தம் கேட்டது. கொஞ்சம் இடைவெளி. “பேங்க், ஏ.டி.எம். மாதிரி எதுவும் இல்லையா சார்?”

நெல்லை டவுனில் வழி சொல்வதென்றால் கோயிலில் இருந்துதான் தொடங்க வேண்டும். நான்கு ரத வீதியில் எந்த வீதி, எந்த மூலை, எந்த முடுக்கு என்று சொல்லிவிட்டால் போதும், கண்ணைக் கட்டிவிட்டாலும் ஆள் வந்து சேர்ந்துவிடுவார். அந்தக் கோயில் அடையாளத்துக்குப் பற்றாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தோற்றுப்போய்த் தெருமுனை ஏ.டி.எம்.மைச் சொன்னேன். முக்கால்வாசி நாள் அதன் ஷட்டர் இறங்கியேதான் கிடக்கும். “தேங்க் யூ சார், இது போதும்” என்றது அந்தக் குரல்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு அந்தப் பெண்ணின் பேச்சு பிடித்துப்போயிற்று. “எந்த ஊரும்மா ஒனக்கு?” என்றாள்.

“அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை மேடம்.”

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஊரைச் சொல்லக் கூடாத வேலையும் ஒன்று இருக்கிறதா என்ற திகைப்புதான் இருந்தது.

பழுதானது தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின். தாமிரபரணிக் கரையில் பிறந்தவன் ஆர்.ஓ. மெஷினுக்காகப் போனில் மல்லுக்கட்டுகிறான் என்பதே வெளியில் சொல்லக் கூசும் சங்கதி. பொதிகையில் இறங்கிப் புன்னைக்காயலில் கடலைத் தொடும் வரை வேறு மாநிலத்தின் தயவு தேவைப்படாத ஆறு இது. அல்வாவின் ருசியே ஆத்துத் தண்ணியில்தான் இருக்கிறது என்று வெளியூர்க்காரர்களிடம் பீற்றிக்கொள்ளாத நெல்லைக்காரர் கிடையாது. நானும் பீற்றியிருக்கிறேன்.

மெஷின் வீட்டுக்குள் நுழைந்தது வெள்ளத்துக்குப் பிறகு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஜங்ஷன் பகுதி மிதந்தது, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. ஆற்றுக்குள் இருந்த குடிநீர்க் கிணறுகளும் குழாய்களும் சேதமாகிவிட்டன. ஊரைச் சுற்றி வெள்ளம் நிற்க, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பிறகு வந்த தண்ணீரும் டீ நிறத்தில் வந்தது. மீனாட்சிபுரத்தில் இருக்கும் மதினி வீட்டில் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் முழுகி எழுந்தன. இரண்டுக்கும் வாரண்டி இருந்தது. கார்டைத் திருப்பினால், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், இயற்கைப் பேரிடருக்குப் பொறுப்பில்லை என்று போட்டிருந்தான்.

அந்தக் கலக்கம் தெளிவதற்குள் எங்கள் தெருவுக்கு ஒரு தம்பி டை கட்டிக்கொண்டு வந்தார். கையில் இரண்டு ஜோடிக் கம்பிகள் உள்ள ஒரு கருவி. ஒரு டம்ளரில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ‘சுத்தமான’ தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி ஸ்விட்சைப் போட்டார். அவருடைய தண்ணீர் அப்படியே இருந்தது. எங்களுடையது பழுத்து, கறுத்து, சாக்கடையாகத் திரண்டது. “இதத்தான் ஆச்சி இத்தன நாளும் குடிச்சிட்டு இருந்தீங்க” என்றார். அம்மா நெஞ்சில் கை வைத்துவிட்டாள்.

அதிலிருக்கும் வித்தையைப் பணம் கட்டிய பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு கம்பி இரும்பு. உப்பு கலந்த தண்ணீரில் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்பு கரையும், பழுப்பாகத் திரள்வது அந்த இரும்பின் துருதான். உப்பை முழுக்க எடுத்துவிட்ட தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் நிறமும் மாறாது. ஆக, அழுக்கு அவர் கொண்டுவந்த கம்பியில் இருந்திருக்கிறது. டி.டி.எஸ். மீட்டர் என்று பேனா மாதிரி ஒன்றையும் முக்கினார். 180 என்று காட்டியது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து நாங்களும் பயந்துவிட்டோம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 500 வரை ஏற்கிறது. 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. மெஷினே கூடாதென்று தடை விதிக்கச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதமே உத்தரவிட்டிருந்தது. ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ஏறத்தாழ மூன்று குடத்தை இந்த மெஷின் வெளியே தள்ளிவிடும் என்பது ஒரு காரணம்.

இதற்காகத் தாமிரபரணித் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்று சொல்லவில்லை. ஊர்ச் சாக்கடை எங்கெங்கே ஆற்றில் விழுகிறது என்று குறுக்குத்துறைப் பக்கம் குளிக்கப் போகிறவர்களுக்குத் தெரியும். பயப்பட வேண்டியது கிருமிக்கு. அந்த மீட்டருக்குக் கிருமியைக் கண்டால் தெரியாது, உப்பைத்தான் எண்ணும். கிருமிக்கு அம்மாவின் வெந்நீர்ப் பானையே போதும். ஆனாலும் வாங்கினோம். பயந்தவனிடம் கணக்குப் பேச முடியாது.

ஆறாவது மாதம் மெஷின் ‘டொர்ர்’ என்று முனகி நின்றுவிட்டது. வாரண்டி ஒரு வருஷம், அதனால் தைரியமாக அழைத்தேன். தமிழுக்கு இதை அழுத்து, புகாருக்கு அதை அழுத்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம், பாட்டு, மறுபடியும் முக்கியம், மறுபடியும் பாட்டு. அப்படிப் போய்ச் சேர்ந்த இடம்தான் மேலே சொன்ன லேண்ட்மார்க் உரையாடல். முடிவில் பத்து இலக்கத்தில் ஒரு புகார் எண்ணும் ஒரு தேதியும் தந்தார்கள்: ஜூன் 21.

“அன்னைக்குத் தேரோட்டம்மா. தெருவுக்குள்ள சைக்கிள்கூட வர முடியாது” என்றேன்.

“சிஸ்டம்ல அந்த டேட்தான் சார் காட்டுது.”

ஆனித் தேரோட்டத்துக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். பிள்ளையார், முருகன், சுவாமி, அம்பாள், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர் ரத வீதியைச் சுற்றி வரும். 2024-இல் சுவாமி தேரின் வடம் அறுந்தது. மாற்றிக் கட்டினால் மறுபடியும் அறுந்தது. ஆனால் வடம் அறுந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பது ஊருக்குத் தெரியும். கேட்டார்கள், வேறு வடம் வந்தது, தேர் நகர்ந்தது. அந்தக் கூட்டத்தில் நிற்கும்போது போனில் ஒரு செய்தி வந்தது: எங்கள் டெக்னீஷியன் வந்தபோது வாடிக்கையாளர் வீட்டில் இல்லாததால் உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது. தேர் இன்னும் நிலைக்கு வரல, நம்ம புகார் அதுக்கு முன்னாலேயே நிலைக்கு வந்திட்டு என்று அம்மா சிரித்தாள்.

வண்ணாரப்பேட்டையில் இருக்கும் அவர்களுடைய சர்வீஸ் சென்டருக்கே போனேன். ஒரு மேஜை, ஒரு ஃபேன், மூலையில் செத்துப்போன மெஷின்களின் குவியல். “கம்பெனில இருந்து கால் அலாட் ஆனாத்தான் சார் வர முடியும்” என்றார்கள். மெஷின் இருக்கும் வீட்டுக்கும் அந்தக் கடைக்கும் இடையில் ஆட்டோவில் கால் மணி நேரம். புகார் மட்டும் எந்த ஊர் என்று சொல்லக் கூடாத ஓர் ஊர் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

அந்தக் காலத்தில் தெருவில் ஈயம் பூச வருகிறவரும் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. மேலாகப் பூசிவிட்டுப் போய்விடுவார், பித்தளை ஒரே மாதத்தில் பல்லைக் காட்டும். ஆனால் அடுத்த தடவை அதே தெரு வழியாகத்தானே வர வேண்டும். எங்கள் ஆச்சி பாத்திரத்தோடு நடையில் காத்திருப்பாள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இலேயே வந்துவிட்டது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தின்படி, குடியிருக்கும் ஊரிலேயே மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். எல்லாம் தெரிந்தும் நான் போகவில்லை. ஒரு மெஷினுக்காக எத்தனை நாள் லீவு போடுவது என்று யோசித்தேன். இப்படித்தான் யோசிப்பான் என்று கம்பெனிக்கும் தெரியும். கடைசியில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து தமிழிலேயே சொன்னேன். எட்டாம் நாள் கம்பெனியே என்னை அழைத்தது. லேண்ட்மார்க் கேட்கவில்லை.

மறுநாள் ஆள் வந்துவிட்டார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். பத்து நாளாக நாக்கில் கூர்தீட்டி வைத்திருந்த வசவுகளை அவிழ்க்கப் போனேன். அதற்குள் அம்மா கேட்டுவிட்டாள்: “எந்த ஊருய்யா?”

“கோபாலசமுத்திரம் ஆச்சி.”

முடிந்தது. கோபாலசமுத்திரத்தில் எந்தத் தெரு, யார் வீட்டுப் பேரன், அங்கே எங்களுக்குப் பெண் கொடுத்த வீடு அவருக்குத் தெரியுமா என்று போய், அவருடைய அக்காவும் என் சித்தி மகளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்று வந்து நின்றது. அதுவரை ‘சார்’ ஆக இருந்த நான் ‘அண்ணாச்சி’ ஆகிவிட்டேன். தேரோட்டத்தன்றைக்கு வந்தீர்களா என்று கேட்டேன். “நானும் வடம் இழுக்கத்தான் அண்ணாச்சி நின்னேன். அன்னைக்குள்ள கால அன்னைக்கே முடிக்கலன்னா எங்களுக்குத்தான் பிடிப்பாவ. அதான் ஆள் இல்லன்னு போட்டு விட்டுட்டேன்.” மாதச் சம்பளம் இல்லை, ஒரு காலுக்கு இவ்வளவு என்று கணக்கு. பெட்ரோல் அவர் செலவு.

பூஸ்டர் பம்பை மாற்றினார். மெஷின் ஓடத் தொடங்கியது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “குடிக்கத் தண்ணி தாங்க ஆச்சி” என்றார். அம்மா பானையில் மொண்டு கொடுத்தாள். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். “ஆத்துத் தண்ணியா?” என்றார். காய்ச்சி ஆற வைத்தது என்றாள் அம்மா. இன்னொரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்தார்.

கிளம்பும்போது தயங்கி நின்றார். “அண்ணாச்சி, இப்ப ஒரு மெசேஜ் வரும். ஸ்டார் கேக்கும். அஞ்சு போட்ருங்க. நாலு போட்டாலும் பிடிச்சிருவாவ.”

செய்தி வந்தது. எங்கள் சேவையில் நீங்கள் எவ்வளவு திருப்தி அடைந்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். எழுதுவதற்கு ஒரு கட்டமும் விட்டிருந்தார்கள். அவர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டு, ஐந்தாவது நட்சத்திரத்தைத் தொட்டேன்.